‘ஏன்’ என்பதற்குப் பதில் வராதபோது: கர்த்தரை நம்பி நடக்க ஒரு வழிகாட்டி

சேலத்தில் எந்தச் சபையைச் சேர்ந்த துக்க வீட்டுக்குப் போனாலும், நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருவர் காரணம் சொல்லிவிடுவார். “ஆண்டவர் சோதிக்கிறாருங்க.” “ஏதோ நன்மைக்குத்தான்.” “நல்லவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்.” சொல்கிறவர் கெட்டவர் இல்லை. மௌனத்தைத் தாங்க முடியாமல் சொல்கிறார். ஆனால் விசுவாசம் தளர்ந்துபோனவர்களிடம் பேசிப் பாருங்கள். கடவுள் பதில் சொல்லாததால் விலகினவர்களைவிட, கடவுள் பெயரில் மனிதர்கள் சொன்ன பதிலால் விலகினவர்களே அதிகம் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியின் அடிப்படை ஒன்றே: அவர் சொல்லாத காரணத்தை நாம் உண்டாக்கக் கூடாது. அதை விட்டுவிட்டு வேறு எதைச் செய்வது என்பதுதான் இனி வருவது.

வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறோம். கத்தோலிக்க வீடுகளில் சங்கீதத்தைத் திருப்பாடல் என்பீர்கள். இப்போதைய பதிப்புகளில் எண் மாறாது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் சோறும் தூக்கமும்

இதை வேடிக்கையாக நினைக்க வேண்டாம். 1 இராஜாக்கள் 19இல் எலியா ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்கிறார். தேவதூதன் வந்து அவருக்கு எதையும் விளக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு’ என்கிறான். அவர் சாப்பிட்டுப் படுக்கிறார். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஓரேப் மலையில் கர்த்தரோடு நடந்த உரையாடல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனவே மருத்துவமனை வராந்தாவில் மூன்று இரவு விழித்தவர் ‘கடவுள் இருக்கிறாரா’ என்ற கேள்வியை அன்றிரவே தீர்க்கப் பார்க்க வேண்டாம். ஒருவரை மாற்றி உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ சரியாக இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அதை விசுவாசக் குறைவு என்று பேர் வைத்து மூடாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள்; 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே கூப்பிட வேண்டும்.

கேள்விகளைப் பிரித்து எழுதுதல்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மனதில் இருக்கிற ‘ஏன்’களை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. வேறு யாரும் படிக்கப் போவதில்லை. பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நான்கில் ஒரு எழுத்தைப் போடுங்கள்.

‘வெ’ என்றால் வெளிப்படுத்தப்பட்டது. உபாகமம் 29:29 மறைவானவற்றையும் வெளிப்படுத்தப்பட்டவற்றையும் பிரிக்கிறது: மறைவானவை கர்த்தருக்கு உரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை, அதுவும் செய்யும்படிக்கு. ‘கடவுள் என்னை வெறுக்கிறாரா?’ என்பது இந்த வகை. இதற்குச் சிலுவையில் பதில் இருக்கிறது. ‘என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்’ என்று யோவான் 14:9இல் இயேசு சொல்கிறார். அவருடைய திட்டம் தெரியாமல் இருக்கலாம். அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரியாது என்று சொல்ல முடியாது.

‘ம’ என்றால் மறைவானது. ‘ஏன் என் பிள்ளைக்கு? ஏன் இப்போது?’ இந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் பதற வேண்டாம். கி.பி. 5ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த அகுஸ்தீன் ஒரு பிரசங்கத்தில், நீ முழுவதும் புரிந்துகொண்டாய் என்றால் அது கடவுள் இல்லை என்கிறார். திருச்சபையின் பெரிய அறிவாளி ஒருவரே எழுதிவைத்த எல்லை அது.

‘வி’ என்றால் இன்னும் விசாரிக்காதது. ஆன்மிகக் கேள்வி மாதிரி உடை போட்டுக்கொண்டு வருகிற சாதாரணக் கேள்விகள் இவை. ‘மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை ஏன் குறையவில்லை ஆண்டவரே?’ என்பதை முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். ‘பட்டறையில் ஏன் வருஷா வருஷம் நஷ்டம்?’ என்பதற்குக் கணக்குப் பிள்ளையிடம் பதில் இருக்கலாம்.

‘அ’ என்றால் அநியாயம். ஒரு மனிதன் செய்த தவறு. புருஷன் அடிக்கிறான், பங்காளி நிலத்தை ஏமாற்றி எழுதிக்கொண்டான், சபைப் பணத்தை ஒருவர் எடுத்துவிட்டார். இதில் எந்த மர்மமும் கிடையாது. அடி வாங்குகிற பெண்ணிடம் ‘தேவ சித்தம், பொறுத்துக்கோம்மா’ என்று சொல்வது கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்குவதுதான். பெண்களுக்கான உதவி எண் 181. உடனடி ஆபத்து என்றால் 112.

பெரும்பாலான நோட்டுகளில் நடப்பது என்னவென்றால், ‘ம’ என்று நினைத்திருந்ததில் கணிசமான பங்கு ‘வி’யாகவோ ‘அ’வாகவோ மாறிவிடும். அவற்றுக்கு வேலை இருக்கிறது, போய்ச் செய்யலாம். மீதி நிற்பவைதான் உண்மையில் நம்பிக்கை கேட்கிற கேள்விகள். ஒன்றை மட்டும் தவிர்க்கவும்: ‘ம’ வரிக்கு எதிரே ஊகத்தை எழுதி நிரப்பாதீர்கள். காலியாகவே விடுங்கள்.

13ஆம் சங்கீதத்தின் அச்சில் புலம்புவது

நம்புகிறவர் புகார் சொல்லக் கூடாது என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. சங்கீதப் புத்தகத்தின் 150இல் பெரிய பகுதி புலம்பல்தான். அதில் ஆரம்பிக்க ஏற்றது 13ஆம் சங்கீதம். ஆறே வசனம், இருபது நிமிஷத்தில் முடியும்.

முதல் இரண்டு வசனத்தில் ‘எதுவரைக்கும்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், உமது முகத்தை எதுவரைக்கும் மறைப்பீர் என்று நேராக அவரிடமே கேட்கிறது. அவரைப் பற்றி அடுத்தவரிடம் பேசுவது முறுமுறுப்பு. அவரிடமே போய்ச் சொல்வது ஜெபம். முதலில் இதைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு உங்கள் சொந்த ‘எதுவரைக்கும்’களைச் சொல்லுங்கள். ‘எதுவரைக்கும் இந்த டயாலிசிஸ்? எதுவரைக்கும் தம்பி பேசாமல் இருப்பான்?’ பெயர், தேதி, தொகை எல்லாம் இருக்கட்டும். பொதுவாகச் சொல்லுகிற புலம்பல் பாதியில் வெறும் சடங்காகிவிடும். வழக்கமான ஜெப நடையை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்’ என்று இடைவெளியை நிரப்பவும் வேண்டாம்.

மூன்று, நான்காம் வசனங்கள் விண்ணப்பம்: ‘நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்.’ இங்கே ஒரே ஒரு காரியம் கேளுங்கள். பத்து கேட்டால் எது உண்மையில் வலிக்கிறது என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

ஐந்தாம் வசனத்தில் திடீரென்று ‘நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்’ என்று வருகிறது. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் என்ன நடந்தது? சங்கீதம் சொல்லவில்லை. சத்துரு போனதாக இல்லை, வியாதி தீர்ந்ததாக இல்லை, விளக்கமும் வரவில்லை. சங்கீதக்காரன் கையிலிருப்பது பழைய கிருபையின் ஞாபகம் மட்டும்தான். அதனால் இந்த இடத்தில் நீங்களும் கடந்த காலத்தில் மெய்யாக நடந்த ஒரு நன்மையைச் சொல்லுங்கள். ஒன்று போதும். இன்றைக்கு உணர்ச்சி வருகிறதா என்று பார்க்க வேண்டாம்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஐந்தாம் வசனம் வாயில் வரவில்லை என்றால் பொய்யாகச் சொல்லத் தேவையில்லை. நான்கோடு நிறுத்திவிட்டு எழுந்து போங்கள், நாளை வாருங்கள். 88ஆம் சங்கீதம் துதி ஒன்றும் இல்லாமல், சிநேகிதர் விலகிப்போனார்கள் என்ற வரியோடேயே முடிகிறது. அதையும் ஜெபமாக எண்ணித்தான் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் முன்னே போக முடிகிற நாளில், பிள்ளைக்காக வந்த தகப்பன் மாற்கு 9:24இல் சொன்னதைச் சேர்த்துக்கொள்ளலாம்: ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.’ அந்த இரண்டும் கலந்த ஜெபத்தை இயேசு திருப்பி அனுப்பவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் இதைச் செய்தால் போதும். தினமும் செய்தால் சிலருக்குக் காயத்தைச் சொறிவது மாதிரி ஆகிவிடுகிறது.

ஆபகூக்கின் பட்டியலை உங்கள் ஊருக்கு எழுதுதல்

இது கடினமான படி. முதல் மாதத்தில் செய்ய வேண்டாம்.

ஆபகூக் புத்தகம் மூன்றே அதிகாரம். தீர்க்கதரிசி அநியாயத்தைப் பற்றி முறையிடுகிறார். கர்த்தர் பதில் சொல்கிறார். அந்தப் பதில் (கல்தேயரை, அதாவது பாபிலோனியரை, எழுப்புவேன் என்பது) நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. ‘அவர்கள் எங்களைவிடத் துன்மார்க்கர் ஆயிற்றே’ என்று மறுபடி கேட்கிறார். கடைசியில் 3:17இல் ஆறு இழப்பை வரிசையாக எழுதுகிறார்: அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆட்டு மந்தை, மாட்டுத் தொழுவம். அடுத்த வசனம்: ‘ஆனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்.’

அத்தியும் ஒலிவமும் நம் பயம் இல்லை. உங்கள் ஆறை எழுதுங்கள். ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர், ‘மார்ச்சில் பூ மழை பொய்த்துக் காப்பி பூக்காமற்போனாலும், சில்வர் ஓக்கில் ஏறின மிளகு வாடிப்போனாலும்’ என்று ஆரம்பிக்கலாம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்கு ஆர்டர் நிற்பதுதான் அத்திமரம். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போட்டவருக்கு ஜவ்வரிசி மில்லில் கிடைக்கிற விலை. தறிக்காரருக்கு நூல் விலை. வீட்டிலிருப்பவருக்கு மகனின் வேலை, மகளின் கல்யாணம், ஸ்கேன் ரிப்போர்ட். கடைசி வரியில் ‘ஆனாலும்’ என்று எழுதி நிறுத்துங்கள். அதற்குப் பிறகு எதை எழுத முடிகிறதோ அதை எழுதுங்கள். ‘மகிழ்ச்சியாயிருப்பேன்’ வராவிட்டால் ‘ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன்’ என்பதும் நேர்மையான வாக்கியம்.

இந்தப் படியில் ஒரு எச்சரிக்கை. இழப்பு ஏற்கெனவே நடந்துவிட்டவரை இதை எழுதச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. ஆபகூக் தனக்காக எழுதினார். அடுத்தவருக்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கவில்லை.

ஜெபிக்க வாய் வராத நாளில்

சொந்தமாக வார்த்தை தேடாதீர்கள். சபை வைத்திருக்கிற வார்த்தையைக் கடன் வாங்குங்கள். கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், ஜெபமாலை. மற்றவர்கள் பிரமாணம் சொல்லும்போது நடுவில் சும்மா நிற்பதும் ஆராதனையில் பங்கெடுப்பதுதான். உங்களுக்காகப் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும். பெந்தெகொஸ்தே சபைகளில் எழுதிவைத்த ஜெபத்துக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. அங்கே பழைய பாட்டோ கீர்த்தனையோ அந்த வேலையைச் செய்யும்.

பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிற ஆலயங்களில் நான்காவது வார்த்தையைக் கவனித்துக் கேளுங்கள்: ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?’ அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. தேவகுமாரனே ‘ஏன்’ என்று கேட்டிருக்கிறார், அதுவும் கடன் வாங்கின வார்த்தையில்.

எங்கே கெட்டுப்போகிறது

‘உங்க ஜெபம் போதலை’ என்பது எல்லாவற்றையும்விட அதிகக் கேடு செய்கிற வாக்கியம். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டினார்; ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்று பதில் வந்தது, முள் நீங்கவில்லை. அவரே தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாக 2 தீமோத்தேயு 4:20இல் எழுதுகிறார். பவுலின் ஜெபமும் போதவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு இருக்கிறது?

‘என்ன பாவம் செய்தார்களோ’ என்பது அடுத்தது. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட அதே கேள்வி. இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று யோவான் 9:3இல் பதில். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் இல்லை என்று லூக்கா 13இல் இயேசு சொல்கிறார்.

மருந்தை நிறுத்துவது. எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது யாக்கோபு 5:14. மருந்தை விடச் சொல்லவில்லை. லூக்கா வைத்தியர். இன்சுலினோ வலிப்பு மாத்திரையோ காசநோய் மருந்தோ நிறுத்திவிட்டு ‘விசுவாசத்தில் நிற்கிறேன்’ என்பவரை அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், வாதம் அப்புறம் இருக்கட்டும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். பாதிப்பு வீட்டிலுள்ள எல்லாருக்கும்.

தேதி போட்டு வருகிற தீர்க்கதரிசனம். ‘வருகிற மூன்று மாதத்தில் வீடு கட்டுவீர்கள்’ என்று மேடையிலிருந்து சொல்வது புரியாமையைத் தாங்க முடியாதவர்களுக்குத் தேனாக இருக்கும். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்கிறது உபாகமம் 18:22. நோட்டில் தேதியோடு குறித்துவைத்து, அந்த நாள் வந்ததும் பாருங்கள். பொருத்தனையும் அப்படித்தான்: நன்றிக்காகச் செய்வது ஒன்று, காரியம் நடந்தால் இவ்வளவு தருகிறேன் என்று பேரம் பேசுவது வேறு. கடன் வாங்கிக் காணிக்கை போடச் சொல்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தவர் வீட்டில்

யோபுவின் மூன்று சிநேகிதரும் முதலில் சரியாகத்தான் செய்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. யோபுவுக்குக் காரணம் சொல்லச் சொல்ல அதிகாரங்கள் நீண்டுகொண்டே போகின்றன. 38ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பேசும்போது, ‘நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?’ என்று கேள்விமேல் கேள்வியாக வருகிறதே தவிர, முதல் இரண்டு அதிகாரத்தில் பரலோகத்தில் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சை யோபுவிடம் கடைசி வரை சொல்லவே இல்லை. வாசிக்கிற நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆனால் 42:7இல் தீர்ப்பு யார் பக்கம்? வழக்காடின யோபு நிதானமாய்ப் பேசினார் என்கிறார் கர்த்தர். காரணம் சொன்னவர்கள்மேல் கோபப்பட்டு ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் பலியிடச் சொல்கிறார்.

ஆகவே போகும்போது பதினைந்து நிமிஷம் உட்காருங்கள். கேட்டால் மட்டும் ஜெபியுங்கள், அதுவும் சுருக்கமாக. ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக’ என்ற ரோமர் 8:28ஐ நீங்கள் எடுக்காதீர்கள். அவர்களே எடுத்தால் ஆமென் சொல்லுங்கள். அதற்கு முன் உங்களுக்கு உரியது ரோமர் 12:15: அழுகிறவர்களுடனே அழுங்கள்.

“ஏன் இப்படின்னு எனக்கும் தெரியலைங்கக்கா. நாளைக்குக் காலையில டிபன் நான் கொண்டாந்துடறேன். பாப்பாவை ஸ்கூலுக்கு அண்ணன் கூட்டிட்டுப் போவார்.” இவ்வளவு போதும். ‘எது வேணும்னாலும் கேளுங்க’ என்று சொல்லாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள்; செய்யப் போவதைச் சொல்லுங்கள். அடக்கம் முடிந்த வாரத்தில் வீடு நிறைய ஆள் இருக்கும். ஒரு மாதம் கழித்து யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் இரண்டாவது வருகை அப்போது இருக்கட்டும்.

மலைக்குப் போவதென்றால்

தனியாக உட்கார ஏற்காட்டுக்குப் போகிற வழக்கம் சேலத்துக் கிறிஸ்தவர்களிடம் உண்டு. போகலாம், அவசியமில்லை. போனால் வார நாளில் காலை முதல் பஸ்ஸில் போங்கள். சனி ஞாயிறும் மே மாதக் கோடை விழா சமயமும் ஏரிப் பக்கம் உட்காரவே முடியாது. கொண்டையூசி வளைவுகள் இருபது. வயிறு பிரட்டுகிறவர்கள் லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறவும். வேதாகமம், நோட்டு, ஸ்வெட்டர், குடை. செல்போனை அணைத்துவிடுங்கள். அங்கே ஏதாவது குரல் கேட்கும், பதில் கிடைத்துவிடும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் அதிகம் சோர்ந்து இறங்குகிறார்கள். ஒரு சங்கீதம் வாசித்து, நோட்டின் ‘ம’ பட்டியலைச் சத்தமாக ஒருமுறை படித்துவிட்டு, மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

பிள்ளைகள் கேட்டால்

‘தாத்தாவை ஏசப்பா எடுத்துக்கிட்டாரு’ என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால், அடுத்து அம்மாவையும் எடுத்துக்கொள்வாரோ என்று அது பயப்படும். ‘தாத்தா தூங்குறாரு’ என்றால் படுக்கைக்குப் போக மறுக்கும். ‘தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு, டாக்டர் முயற்சி பண்ணாங்க, முடியலை, இறந்துட்டாரு. இனி வர மாட்டாரு. ஏசப்பாகிட்ட இருக்காரு’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். ‘ஏன் ஏசப்பா சரி பண்ணலை?’ என்று கேட்டால், ‘அது அப்பாவுக்கும் தெரியலை கண்ணு. நாம ரெண்டு பேரும் அவர்கிட்டயே கேக்கலாம்’ என்று சொல்லி, அந்த இடத்திலேயே பிள்ளையைக் கேட்கவிடுங்கள். அது என்ன வார்த்தையில் கேட்டாலும் திருத்த வேண்டாம். நாளைக்கு மறுபடியும் அதையே கேட்கும். நாளைக்கும் அதே பதில்தான்.